நேற்று டிராகன், இன்று பல்லியா?

சென்ற இதழில் பெரம்பூர் வாசகர் ஒருவர், "நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் ஹாக்கி டீம் ஏன் ஒரு நாள் பிரமாதமாக ஆடிவிட்டு அடுத்த ஆட்டத்திலேயே சொதப்புகிறது?" என்று கேட்டிருந்தார். இடப் பற்றாக்குறையும் மதியச் சாப்பாட்டு மயக்கமும் சேர்ந்து, "அது அப்படித்தான்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். வந்தது பாருங்கள் கடிதம்! ரேஷன் கடை, மூட்டுவலி, மாமியார் கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரம் முழுக்க ஹாக்கிதான். வட சென்னை என்றால் ஃபுட்பால், பாக்ஸிங், கேரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆசிரியருக்கே ஆச்சரியம்.

கேள்வி: அண்ணே, "அது அப்படித்தான்" என்று சொல்வதற்கு உங்களுக்கு எதற்கு ஒரு முழுப் பக்கம்? நாங்கள் எட்டு பேர் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறவர்கள். ஒருத்தன் கோச் சரியில்லை என்கிறான். இன்னொருத்தன் வெளிநாட்டு ஆட்களுக்குப் பணம் வந்தால் போதும், ஜெயித்தால் என்ன தோற்றால் என்ன என்கிறான். நான் சொல்வது, பசங்களுக்கு வெறி இல்லை. யார் சொல்வது சரி? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: தம்பி, கோபம் நியாயம். ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து பத்துக்கு மூன்று மார்க்தான் போடுவேன்.

முதலில் நடந்ததைச் சரியாகப் பார்ப்போம். 2017-க்குப் பிறகு நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் கடைசியில் மறுபடி தொடங்கியது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள், அதில் நம் டிராகன்ஸ் கடைசி நான்குக்குள் வந்தது. அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸுடன் 2-2 சமன், ஷூட் அவுட்டில் தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மா ஹாக்கி கிளப்பிடம் 2-1. அந்த அரையிறுதியில் இன்னும் ஒரே ஒரு கோல் உள்ளே போயிருந்தால் நாம் ஃபைனல் ஆடிய அணி. போகாததால் நாலாம் இடம், கையில் ஒன்றும் இல்லை. டீக்கடையில் இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மைதானத்தில் பார்த்தால் ஒரு பந்து.

அந்த ஒரு பந்து எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இன்றைய ஹாக்கியில் கோலுக்குப் பெரிய வழி பெனால்டி கார்னர், அதாவது கோலுக்கு அருகே எதிரணி தவறு செய்தால் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. அதற்காகத்தான் ஏலத்தில் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியின் டிராக் ஃபிளிக் ஆள், கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்குள் வீசுகிறவர். சரி, இப்போது ஒரு கணக்குப் போடுவோம், பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃபிளிக்கர் மூன்று கார்னருக்கு ஒரு கோல் போடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம், அதுவே நல்ல கைதான். ஆட்டத்துக்கு நான்கு கார்னர் கிடைக்கிறது. நான்கும் வீணாகிற வாய்ப்பு எவ்வளவு? மூன்றில் இரண்டை நான்கு தடவை பெருக்குங்கள், 81-க்கு 16 வரும். அதாவது ஐந்து ஆட்டத்தில் ஓர் ஆட்டம் அவர் வெறுங்கையோடு வருவார். ஒரே ஒரு கோல் விழுவது 81-க்கு 32. இரண்டோ அதற்கு மேலோ விழுவது 81-க்கு 33. பத்து ஆட்டத்துக்குச் சுமாராக இரண்டில் பூஜ்யம், நான்கில் ஒன்று, மீதி நான்கில் இரண்டு அல்லது அதற்கு மேல். அந்த ஆள் மாறவே இல்லை, அதே கை, அதே மட்டை, அதே சாப்பாடு. ஆனால் பூஜ்யம் வந்த அன்றைக்கு நீங்கள் "வெறி இல்லை" என்று சொல்லியிருப்பீர்கள், மூன்று விழுந்த அன்றைக்கு அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்பீர்கள். எட்டு பேரும் சேர்ந்துதான்.

ஒரு நாள் கிரிக்கெட்டில் முந்நூறு பந்து வீசுகிறார்கள், ஒரு பந்து மோசமாகப் போனால் அடுத்ததில் சரி செய்யலாம். ஹாக்கியில் அறுபது நிமிட ஓட்டத்தின் பலன் நாலைந்து தருணங்களில் வந்து நிற்கிறது. மேடு பள்ளத்தில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் கட்சி. அதற்காக அணியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த கடிதத்தைப் படியுங்கள், இந்த ஐயா என்னை விட நன்றாகப் பிடித்திருக்கிறார்.

கேள்வி: ஐ.சி.எஃப்-பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ரயில்வே பையன்கள் காலையில் பிராக்டீஸ், அப்புறம் வேலை, மறுபடி சாயங்காலம் பிராக்டீஸ். வலது பக்கம் ஓடுகிறவன் எங்கே இருப்பான் என்று நடுவில் இருப்பவன் திரும்பிப் பார்க்காமலே தள்ளுவான். இப்போது கோடிக்கணக்கில் செலவு செய்து பிடித்துப் போடுகிறார்கள், இரண்டு பாஸ் ஒழுங்காகச் சேரவில்லை. பணம் கொடுத்து ஆளை வாங்கலாம், பழக்கத்தை வாங்க முடியுமா? (அயனாவரம் வாசகர்)

பதில்: முடியாது ஐயா. இதை எட்டு பேர் டீக்கடைக்கு அப்படியே நகல் எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

லீக் அணி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம். ஓர் அணிக்கு 24 பேர், அதில் எட்டு பேர் வரை வெளிநாட்டுக்காரர்கள், மீதி நம் நாட்டுப் பையன்கள், அதிலும் நான்கு ஜூனியர்கள் கட்டாயம். ஏலம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஐரோப்பிய கிளப் ஹாக்கி குளிருக்காக நிறுத்தி வைக்கிற மாதங்களில்தான் அங்கிருந்து ஆட்கள் இங்கே வர முடியும், நம் லீக் மார்கழி தையில் நடப்பதற்கு அது ஒரு காரணம். வருகிறவர் வெளிப்புற ஆட்டத்திலிருந்து கொஞ்ச நாள் விலகி இருந்தவராக இருப்பார், இந்தியப் பையன் தேசிய முகாமில் உடம்பு வருந்தி வந்திருப்பான், ஜூனியர் பையனோ டிவியில் பார்த்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்கிறோமே என்ற பிரமிப்பில் இருப்பான். இந்த மூன்று வகையையும் ஒரு பேருந்தில் ஏற்றி, ஐந்து வாரத்தில் பத்து ஆட்டம். அப்புறம் கலைந்துவிடும்.

பழக்கம் இல்லாதது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியாது என்பதுதான் வேடிக்கை. பந்து நம்மிடம் இருக்கும்போது திறமையானவன் சமாளித்துவிடுவான், நாலு பேரை ஏமாற்றி உள்ளே போய்விடுவான், அன்றைக்கு நமக்குக் கைதட்டல். பந்து எதிரியிடம் இருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மேலே ஏறி நெருக்குவதை பிரெஸ் என்கிறார்கள். அதில் ஐந்து பேர் ஒரே நொடியில் நகர வேண்டும், ஒருவன் அரை நொடி தாமதித்தால் அந்தச் சந்தில் எதிரி பந்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இது கத்திச் சொல்லி வருகிற விஷயமில்லை, சொல்வதென்றாலும் எந்த மொழியில் கத்துவது? நெதர்லாந்துக்காரர், அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸ், அரியலூர் கார்த்தி செல்வம், எல்லோரும் ஒரே மைதானத்தில் நின்றால் "டேய் இடது பக்கம் பாரு" என்பதை எப்படிச் சொல்வீர்கள்? ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். ஆனால் மூச்சு வாங்கும்போது வாயில் வருவது தாய்மொழிதானே.

பெனால்டி கார்னரும் அப்படித்தான். ஃபிளிக்கர் பெயர்தான் பேப்பரில் வரும். பந்தைக் கோட்டிலிருந்து தள்ளிவிடுகிறவன், டி என்கிற கோல் முன் வளைவுக்கு வெளியே அதை நிறுத்துகிறவன், அப்புறம்தான் ஃபிளிக். தள்ளுகிற வேகம் கொஞ்சம் மாறினால் நிறுத்தம் துள்ளும், நிறுத்தம் துள்ளினால் 54 லட்சமும் கோல்கீப்பர் காலில். இந்த மூன்று பேரும் வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடுகிறவர்களாக இருந்தால் நான் மேலே போட்ட "மூன்றுக்கு ஒன்று" கணக்கே கொஞ்சம் உயரும்.

எழும்பூரில் முருகப்பா தங்கக் கோப்பை நடக்கும்போது போய்ப் பாருங்கள் ஐயா, நீங்கள் போகாமலா இருந்திருப்பீர்கள். அங்கே வரும் ரயில்வே, பெட்ரோலியம், வங்கி அணிகளில் பெரிய நட்சத்திரம் இல்லாத நாளிலும் ஆட்டம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. வருடக்கணக்காகச் சேர்ந்து ஓடிய கால்கள் அவை.

கேள்வி: எங்க ஏரியா ஃபுட்பால் டீமும் ஒரு வாரம் அஞ்சு கோல் போடுது, அடுத்த வாரம் அஞ்சு வாங்குது. அதுக்கும் பெனால்டி கார்னர்தான் காரணமா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: உங்கள் கோல்கீப்பர் சனிக்கிழமை ராத்திரி எங்கே போகிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: நான் ஹாக்கி பார்த்ததே என் வீட்டுக்காரரால்தான். அந்த செமிஃபைனல் ஷூட் அவுட்டில் தோற்றதும் அவர் ரிமோட்டைத் தூக்கி எறிந்தார். பேட்டரி மூடி இன்னும் கிடைக்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் ஓடுகிறது. "தைரியம் இல்லாத பசங்க" என்று இன்றுவரை திட்டுகிறார். ஷூட் அவுட் என்பது தைரியமா, அதிர்ஷ்டமா? (கொருக்குப்பேட்டை வாசகி)

பதில்: அம்மா, பேட்டரி மூடி சோபாவுக்குப் பின்னால் இருக்கும், அனுபவம்.

ஷூட் அவுட்டில் ஒருவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்புவார், கோல்கீப்பர் முன்னால் ஓடி வருவார், எட்டு நொடிக்குள் முடிக்க வேண்டும். இதில் பெரும்பங்கு பழகிய வித்தைதான். வலது பக்கம் இழுத்து, உடம்பைத் திருப்பி, கீப்பர் படுத்ததும் அவரைச் சுற்றிக்கொண்டு போய் போடுவது, இதை ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வகையில் கைவசம் வைத்திருப்பார்கள். எதிர் கீப்பர் அதையெல்லாம் வீடியோவில் பார்த்து வைத்திருப்பார். அணிக்கு ஐந்து முயற்சி முடிந்தும் சமன் என்றால் சடன் டெத், அதாவது ஒரு அணி போட்டு மற்றது தவறவிட்டால் அத்தோடு முடிவு. அப்புறம் யாருக்குக் கால் வழுக்குகிறது என்கிற அளவில்தான் முடியும். பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கமே நெதர்லாந்துக்கு ஜெர்மனிக்கு எதிரான ஷூட் அவுட்டில்தான் கிடைத்தது. தோற்ற ஜெர்மனிக்காரர்களைத் தைரியம் இல்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா?

தைரியத்துக்கு உதாரணம் வேண்டுமானால் அதே பாரிஸில் கால் இறுதி. பிரிட்டனோடு ஆடும்போது நம் ரோஹிதாஸுக்கு 17-வது நிமிடத்திலேயே ரெட் கார்டு. மிச்ச நேரம் முழுக்கப் பத்து பேர் ஓடி, 1-1 என்று இழுத்து, ஷூட் அவுட்டில் இந்தியா ஜெயித்தது. அதே ரோஹிதாஸ்தான் டிராகன்ஸில் நமக்காக எதிரணி பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுகிறவர். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்துக்கு நேரே, முகமூடியும் முழங்கால் காப்பும் மாட்டிக்கொண்டு ஓடுவது அது. உங்கள் வீட்டுக்காரரை நம் தெரு முனையில் ஒரு தடவை அப்படி ஓடச் சொல்லுங்கள், ரிமோட் விஷயம் தானாக அடங்கும்.

கேள்வி: டீம் பெயர் தமிழ்நாடு. ஆனால் முதல் சீசனில் ஒரு மேட்ச்கூட தமிழ்நாட்டில் இல்லை. நம்ம ஊரில் ஆடியிருந்தால் நாம் கத்துகிற கத்தில் ஜெயித்திருக்க மாட்டார்களா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: முதல் சீசனில் ஆட்டங்களை ஒடிசாவின் ரூர்கேலாவிலும் ஜார்கண்டின் ராஞ்சியிலும் வைத்துக்கொண்டார்கள். எட்டு அணிகளில் பெரும்பாலானவை வெளியூர்க்காரர்களாகவே ஆடின. 2026 ஜனவரியில்தான் ஆண்கள் பிரிவின் இரண்டாம் சீசன் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் தொடங்கியது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், உங்களுக்கு இனி சாக்கு கிடையாது.

கத்துவதால் ஜெயிப்பார்களா என்றால், கொஞ்சம் நடக்கும். 2023 ஆகஸ்டில் அதே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல், இந்தியா மலேசியாவிடம் 3-1 என்று பின்தங்கியிருந்து கடைசியில் 4-3 ஜெயித்தது. கூட்டம் அன்றைக்குக் கூரையைப் பிய்த்தது. ஆனால் அந்த அணி மாதக்கணக்கில் ஒன்றாக இருந்த அணி, சத்தம் அதைத் தூக்கிவிட்டது. சேர்ந்து பத்து நாள் ஆன அணிக்கு நாம் கத்துகிற கத்தில் பக்கத்தில் இருப்பவன் கூப்பிடுவதுகூடக் கேட்காமல் போகலாம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கேள்வி: தமிழ்ப் பையன்களை மட்டும் போட்டு ஆடட்டுமே. ஊர்ப் பாசம் இருந்தால் ஆட்டம் இப்படி ஏறி இறங்காது. (ராயபுரம் வாசகர்)

பதில்: ஆசை எனக்கும் உண்டு, காரணத்தில்தான் உடன்பாடு இல்லை. பாசம் இருந்தால் டிராக் ஃபிளிக் மேல்மூலையில் போய் விழுமா?

அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். இரண்டு பேர் அப்படி மேலே வந்ததற்குப் பின்னால் கோவில்பட்டியில் டர்ஃப் என்கிற செயற்கைத் தரையும் விடுதியும் பயிற்சியும் இருந்தன. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் நம் ஊர்க்காரர். அந்த வரிசை ஏன் அறுந்தது என்று கேட்டால் நான் என் கதையைத்தான் சொல்வேன்.

நான் படித்த பள்ளி நம் பக்கத்தில்தான், பெயர் வேண்டாம். மைதானம் என்பது செம்மண்ணும் ஜல்லியும். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாததால் நாங்கள் பந்தை நிறுத்தாமல் அப்படியே அடித்து விளாசப் பழகிவிட்டோம். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், வந்த அணிக்குத் தெரியாது, அதனால் சொந்த மைதானத்தில் நாங்கள் சிங்கங்கள். ஒரு தடவை மண்டலப் போட்டி என்று டர்ஃபில் இறக்கினார்கள். பந்து வழுக்கிக்கொண்டு வந்த வேகத்தில் என் மட்டை பின்னால் இருந்தது, பந்து கோலில் இருந்தது. எத்தனை கோல் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு எண்ணுவதை நாங்களே நிறுத்திவிட்டோம். அதே பதினோரு பேர்தான். முதல் நாள் சிங்கம், மறுநாள் அந்தக் கோலம். 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியபோது இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆகவே ராயபுரத்துப் பையன் அணியில் வேண்டும் என்றால், அவன் பத்து வயதில் கால் வைக்க டர்ஃப் எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: இதற்கு முன்னால் சென்னை வீரன்ஸ் என்று ஒரு டீம் இருந்ததே, அது என்ன ஆனது? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: நல்ல ஞாபகம். 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ், 2008-ஓடு அந்த லீக் முடிந்தது. 2012-இல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கி, அதில் சென்னை சீட்டாஸ், ஒரே சீசன். 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் நமக்கு அணியே கிடையாது. இப்போது டிராகன்ஸ். வீரன், சிறுத்தை, டிராகன் என்று பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம், ஒரு ஜெர்சி கிழிகிற வரைக்கும்கூட ஓர் அணி நிலைக்கவில்லை. அணியின் ஆட்டத்தில் தொடர்ச்சி இல்லை என்று புலம்புகிற நமக்கு அணியே தொடர்ச்சியாக இருந்ததில்லை. கொஞ்ச வருடம் விட்டுப் பாருங்கள், அதே ஸ்டாப்பர் அதே ஃபிளிக்கருக்கு மூன்றாவது சீசனாகப் பந்தை நிறுத்தட்டும், அப்புறம் திட்டலாம். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

கேள்வி: அங்கிள், நான் ஆறாம் வகுப்பு. மேட்சுக்கு முன்னாடியும் நடுவிலேயும் கிரவுண்டுக்கு எதுக்குத் தண்ணி அடிக்கிறாங்க? மழை பெஞ்ச மாதிரி இருக்கு. (காசிமேடு வாசகி)

பதில்: பாப்பா, அந்தப் பச்சைத் தரை புல் இல்லை, பிளாஸ்டிக் நார். காய்ந்திருந்தால் பந்து துள்ளும், ஓடுகிறவர்கள் விழுந்தால் தோல் உரியும். ஈரமாக இருந்தால் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும், கார்னரில் நிறுத்துகிறவருக்கும் பந்து துள்ளாமல் வரும். அதனால்தான் இடைவேளையில் மறுபடி அடிக்கிறார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது தண்ணீர் அடித்த உடனே கிடைக்கிற கார்னரையும், தரை காய்ந்த பிறகு கிடைக்கிறதையும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு, உன் பெயரில்லாமல் போடுகிறேன். உங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் இன்னும் வரவில்லை என்று கடிதத்தின் பின்பக்கம் உன் அம்மா எழுதியிருப்பதையும் படித்தேன். அது அடுத்த வாரம்.